ஓப்பன் வேர்ல்ட் கதை கேம் ஆடத் தொடங்குகிறீர்களா? சலிக்காமல் ஆட ஒரு வழிகாட்டி

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்துத் தம்பி தங்கைகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "அண்ணே, எல்லாரும் விட்சர் 3 நல்ல கேம் என்கிறார்கள். நானும் இறக்கி ஆடிப் பார்த்தேன். கொஞ்ச நாளிலேயே அலுத்துவிட்டது. எனக்குத்தான் ரசிக்கத் தெரியவில்லையா?"

அப்படியில்லை. ஆடிய விதத்தில்தான் பெரும்பாலும் சிக்கல் இருக்கிறது. சில நேரம் கேமிலேயே இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால், எதைத் தொடர வேண்டும், எதை மூடி வைக்க வேண்டும் என்று நீங்களே முடிவெடுப்பீர்கள். அதற்காகத்தான் இந்த வழிகாட்டி.

இந்த வகைக்குப் புதியவர்களுக்காக இரண்டு வரி. ஒரு பெரிய நிலப்பரப்பு. அதில் நீங்கள் ஒரு பாத்திரம். நடுவில் ஒரு பெரிய கதை ஓடும். அதைச் சுற்றி நூற்றுக்கணக்கான சின்ன வேலைகள் சிதறிக் கிடக்கும். இவற்றைத்தான் குவெஸ்ட் என்கிறார்கள். எங்கே போவது, எதை முதலில் செய்வது என்பதெல்லாம் உங்கள் விருப்பம்.

இவ்வகை கேம்களைப் பல வருடமாக ஆடிவரும் எனக்கு ஒரு விஷயத்தில் சந்தேகமே இல்லை. ஒரு வேலையை உங்களிடம் கேட்பவர் யார், அது அவருக்கு ஏன் வேண்டும் என்று தெரிந்திருந்தால் அந்த வேலை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சலிக்காது. வரைபடத்தில் வெறும் குறி மட்டும் இருந்து, அதற்குப் பின்னால் ஒரு ஆளும் இல்லையென்றால், எத்தனை அழகான உலகமும் கொஞ்ச நாளில் கசந்துவிடும். கீழே சொல்லப்போகும் பெரும்பாலான படிகள் இதை ஒட்டியவைதான்.

1. முதலில் மெஷினையும் டேட்டாவையும் பாருங்கள்

மலையகத்தில் இருப்பவர்கள் கேமின் கதையைப் பற்றி யோசிக்கும் முன் அதன் அளவைப் பார்க்க வேண்டும். டவுனில் ஃபைபர் இணைப்பு வைத்திருப்பவர்களுக்குப் பரவாயில்லை. தோட்டத்தில் 4ஜி ரவுட்டரை ஜன்னல் ஓரம் வைத்து, சிக்னல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒவ்வொரு ஜிபியும் காசு. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 கணினியில் 150 ஜிபி இடம் கேட்கும். விட்சர் 3க்குச் சுமார் 50 ஜிபி. ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷனுக்கு ஏறத்தாழ 12. ஃபால்அவுட் நியூ வேகாஸுக்கு 10 போதும்.

கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் வாங்கினால் டவுன்லோடை இடையில் நிறுத்தி, பிறகு விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். உங்கள் பொதியில் இரவு நேர டேட்டா தனியாக இருந்தால் அதில் இறக்குங்கள். இன்னொரு வழியும் உண்டு. அதே கேமை வாங்கி வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால், அவருடைய கேம் ஃபோல்டரை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் கொண்டுவந்து உங்கள் ஸ்டீம் ஃபோல்டரில் போடலாம். உங்கள் கணக்கிலும் கேம் வாங்கப்பட்டிருக்க வேண்டும். ஸ்டீம் அந்தக் கோப்புகளைச் சரிபார்த்து, குறைவதை மட்டும் இறக்கிக்கொள்ளும். 50 ஜிபி வேலை சில நூறு எம்பியில் முடிந்துவிடக்கூடும்.

வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தரும். கதை பிடித்திருக்கிறதா என்று முடிவுசெய்ய அந்த 2 மணி நேரம் போதாது; விட்சர் 3இல் முதல் வட்டாரத்தையே அதற்குள் தாண்டுவது கடினம். ஆனால் உங்கள் லெப்டொப்பில் கேம் ஓடுமா என்று பார்க்க அது தாராளம். அதனால் அறிமுகக் காட்சி முடிந்ததும் நேரத்தை வீணாக்காமல் வெளியே கிளம்புங்கள். கிராஃபிக்ஸைக் குறைத்து, ஊர் நடுவில் ஒரு தடவை ஓடிப் பாருங்கள், ஒரு சண்டை போடுங்கள். திணறினால் திருப்பிக் கொடுத்துவிட்டு இன்னும் பழைய கேமுக்குப் போங்கள்.

வெளியான அன்றே வாங்க வேண்டிய அவசியமும் இல்லை. சைபர்பங்க் 2077 டிசம்பர் 2020இல் வந்தபோது அவ்வளவு பிழைகள் இருந்ததால் சோனி தன் இணையக் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது. செப்டம்பர் 2023இல் 2.0 புதுப்பிப்பு வந்த பிறகு ஆடியவர்கள் பார்த்தது கிட்டத்தட்ட வேறொரு கேம். டொலரில் விலை கொடுக்கும் நமக்குப் பொறுமை இரட்டை லாபம்.

2. முதல் கேமைத் தேர்ந்தெடுப்பது

என்னைக் கேட்டால் விட்சர் 3 அல்லது ஸ்கைரிம். இரண்டும் பழையவை, தள்ளுபடியில் மலிவாகக் கிடைப்பவை, இரண்டும் இந்த வகையின் இரண்டு எல்லைகளைக் காட்டுபவை.

விட்சர் 3 போலந்தின் சிடி ப்ரொஜெக்ட் ரெட் நிறுவனம் 2015 மே மாதம் வெளியிட்டது. கெரால்ட் என்ற அரக்க வேட்டைக்காரனாக ஆடுவீர்கள். அவன் மகளாக நினைத்து வளர்த்த சிரியைத் தேடிப் போவதுதான் கதை. எழுத்து மிக வலுவானது. கெரால்டுக்கென்று ஒரு குணம் ஏற்கனவே இருப்பதால், அந்தக் குணத்துக்குள் நின்றுதான் நீங்கள் முடிவெடுக்க முடியும்.

ஸ்கைரிம் பெதெஸ்டா நிறுவனத்துடையது, நவம்பர் 2011இல் வந்தது. இதில் பாத்திரத்தை நீங்களே உருவாக்குவீர்கள். பெரிய கதை சுமார்தான் என்பது என் கருத்து. ஆனால் மலையேறித் திரிவதும், தற்செயலாக ஒரு குகையைக் கண்டுபிடிப்பதும் இதில் கிடைப்பது போல் வேறெங்கும் கிடைக்காது. கதைப் புத்தகம் கையில் எடுத்தால் கீழே வைக்காத ஆள் நீங்கள் என்றால் விட்சர். பள்ளிக்கூடம் விட்டு நேராக வீட்டுக்குப் போகாத ஆள் என்றால் ஸ்கைரிம்.

முதல் கேமாக எடுக்க வேண்டாம் என்று நான் சொல்பவையும் உண்டு. எல்டன் ரிங் அற்புதமான கேம், ஆனால் செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலே அதில் இல்லை. யார் என்ன சொன்னார் என்று நீங்களேதான் நினைவில் வைக்க வேண்டும். சண்டையும் கடினம். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2இன் கதை மனதை உருக்குவது. ஆனால் தொடக்க அத்தியாயம் பனிமலையில் மெதுவாக நகரும், ஒரு அலமாரியைத் திறப்பதையும் ஒரு மானைத் தோலுரிப்பதையும் முழுதாகக் காட்டும். இந்த வகை பழகிய பிறகு அந்த நிதானம் பிடித்துப்போகும், முதல் கேமில் பொறுமை சோதிக்கும்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் இங்கே பேசும் எந்த கேமிலும் தமிழ் வசன வரி கிடையாது. ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டும். ஆங்கிலம் தடுமாறுகிறது என்பதற்காக யாரும் பின்வாங்க வேண்டாம். வசனம் திரும்பத் திரும்ப ஒரே வகைச் சொற்களில் வரும். முதல் சில நாட்கள் மெதுவாகப் போனால் அப்புறம் பழகிவிடும். விட்சர் 3இல் ஒவ்வொரு பாத்திரத்தைப் பற்றியும், நடந்தவற்றைப் பற்றியும் குறிப்பேடு ஒன்று இருக்கிறது. வசனம் வேகமாகப் போய்விட்டால் அதைத் திறந்து நிதானமாகப் படியுங்கள்.

3. ஆடத் தொடங்கும் முன் மூன்று அமைப்புகள்

வசன வரியை ஆன் செய்து எழுத்தின் அளவைப் பெரிதாக்குங்கள். கடின அளவைக் கூச்சப்படாமல் குறையுங்கள். விட்சர் 3இல் கதைக்காக மட்டும் ஆடுபவர்களுக்கென்றே ஒரு நிலை இருக்கிறது. அதில் ஆடினால் யாரும் உங்களைக் குறைவாக நினைக்கப்போவதில்லை.

மூன்றாவது சேவ். காற்றும் மழையும் அடித்தால் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாத ஊர்களில் இருக்கிறோம். 2022 மார்ச்சில் நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை மறக்க முடியுமா? தானாகச் சேவ் ஆவதை மட்டும் நம்பாதீர்கள். ஊருக்குள் நுழையும் முன்னும், யாரிடமாவது முக்கியமாகப் பேசும் முன்னும் நீங்களே ஒரு முறை சேவ் செய்யுங்கள். ஒரே கோப்பின் மேல் திரும்பத் திரும்ப எழுதாமல் மூன்று நான்கு கோப்புகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். சேவ் ஆகிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் அந்தக் கோப்பு கெட்டுப்போகலாம், முந்தையதாவது மிஞ்சும்.

இதே காரணத்துக்காகத்தான் கிங்டம் கம் டெலிவரன்ஸை நம் பகுதிப் புதியவர்களுக்கு நான் தயங்கித் தயங்கிச் சொல்வேன். 1403ஆம் ஆண்டின் பொஹீமியாவில் நடக்கும் அருமையான கதை. கதாநாயகன் கொல்லனின் மகன். எழுத்தறியாதவன், யாராவது கற்றுக்கொடுத்தால்தான் புத்தகம் படிப்பான். ஆனால் நினைத்த நேரத்தில் சேவ் செய்ய ஒரு மதுவைக் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கையில் தூங்க வேண்டும். வெளியேறும்போது சேவ் செய்யும் வசதி பின்னால் வந்தது. கரண்ட் நம்மிடம் சொல்லிவிட்டுப் போவதில்லை. லெப்டொப் பேட்டரி நன்றாக இருந்தால் மட்டும் தொடங்குங்கள்.

4. முதல் வட்டாரத்தை அவசரப்படாமல் ஆடுங்கள்

நல்ல கேம்கள் முதல் வட்டாரத்திலேயே எப்படி ஆட வேண்டும் என்று கற்றுக்கொடுத்துவிடும். விட்சர் 3இல் அது வைட் ஓர்ச்சர்ட் என்ற கிராமம். போரில் தோற்று, அந்நியப் படையின் பிடியில் இருக்கும் ஊர். கெரால்டுக்கு ஒரு தகவல் வேண்டும். படைத் தலைவன் பதிலுக்கு ஒரு வேலை கேட்கிறான்: ஊரை அச்சுறுத்தும் கிரிஃபின் என்ற பறக்கும் மிருகத்தைக் கொல்ல வேண்டும்.

வேறொரு கேமாக இருந்தால் அம்புக்குறியைப் பின்தொடர்ந்து போய் வெட்டிவிட்டு வந்திருப்போம். இங்கே அப்படியில்லை. முதலில் ஊர் வேட்டைக்காரனைப் பார்க்க வேண்டும். அவன் படைவீரர்கள் செத்துக்கிடந்த இடத்தைக் காட்டுவான். மூலிகை மருத்துவச்சியிடம் போனால், மிருகத்தை இழுக்கும் மணமுள்ள செடி ஆற்றின் அடியில் வளர்கிறது என்பாள். தடயங்களைப் பார்த்துக்கொண்டே போனால் உண்மை வெளிவரும்: இந்த மிருகத்தின் துணையைப் படைவீரர்கள் கொன்றுவிட்டார்கள், அதன் பிறகுதான் இது மனிதர்களைத் தாக்கத் தொடங்கியது. சண்டைக்கு நிற்கும்போது உங்களுக்கு வெற்றி ஆசை மட்டும் இருக்காது, கொஞ்சம் இரக்கமும் இருக்கும்.

இந்த ஒரு வேலையை முழுதாக, எல்லா வசனத்தையும் கேட்டு முடியுங்கள். முடித்த பிறகும் ஒட்டவில்லை என்றால் விட்சர் உங்களுக்கான கேம் இல்லை, வேறு எடுக்கலாம். வசனத்தையெல்லாம் தாண்டித் தாண்டி ஆடிவிட்டு அந்த முடிவை எடுக்காதீர்கள்.

5. எந்த வேலையை ஏற்பது, எதை விடுவது

இதுதான் முக்கியமான படி. இங்கேதான் பெரும்பாலானோர் சலித்துப்போகிறார்கள்.

என் சித்தி மகளுக்கு விட்சர் 3 கொடுத்துப் பக்கத்தில் இருந்தேன். வைட் ஓர்ச்சர்டில் பூட்டிய குடிசை வாசலில் நின்று ஒரு கிழவி கதவைத் தட்டிக்கொண்டிருப்பாள். யாரோ ஒரு ஆள் அவளுடைய பொரிக்கும் சட்டியை இரவல் வாங்கிக்கொண்டு போய்விட்டான், திருப்பித் தரவில்லை. "அண்ணே, உலகமே பற்றி எரியுது, இந்தப் பாட்டிக்குச் சட்டிதான் கவலை" என்று சிரித்தாள். கதவை உடைத்து உள்ளே போனோம். தரையில் ஒரு பிணம். அடுப்பில் எரிந்த காகிதம். சட்டியைக் கெரால்ட் கையில் எடுத்துப் பார்க்கிறான், மினுமினுவென்று சுத்தமாக இருக்கிறது. அதன் கரியைச் சுரண்டி மை செய்து யாரோ கடிதம் எழுதியிருக்கிறார்கள். அதற்கு மேல் அவள் சிரிக்கவில்லை. ஒரு உளவாளியின் கதையின் ஓரத்தை நாம் பார்த்துவிட்டோம். கிழவிக்கு அதெல்லாம் தெரியாது. சட்டி சுத்தமாக வந்த சந்தோஷம் அவளுக்கு. ஐந்து நிமிட வேலைதான் இது. கேட்பவள் யார், ஏன் கேட்கிறாள் என்பது தெரிந்ததால் மறக்க முடியவில்லை.

ஸ்கைரிமிலும் இப்படி ஒன்று இருக்கிறது. ரிவர்வுட் கிராமத்துக் கடைக்குள் நுழைந்தால் அண்ணனும் தங்கையும் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். கடையில் இருந்த தங்க நகம் ஒன்று திருடுபோய்விட்டது; தங்கை தானே போய் மீட்பேன் என்கிறாள், அண்ணன் விடமாட்டேன் என்கிறான். நீங்கள் மலைமேல் உள்ள பழைய கல்லறைக்குப் போகிறீர்கள். உள்ளே சுழலும் வளையங்கள் கொண்ட ஒரு கதவு வழியை மறிக்கும். திறவுகோல் அந்த நகம்தான், ஆனால் வளையங்களை எந்த ஒழுங்கில் வைப்பது? பையைத் திறந்து, நகத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தால் உள்ளங்கைப் பக்கம் மூன்று உருவங்கள் செதுக்கியிருக்கும். இதை யாரிடமும் கேட்காமல் நீங்களாகக் கண்டுபிடிக்கும்போது வரும் மகிழ்ச்சிக்காகத்தான் இவ்வகை கேம்களை ஆடுகிறோம்.

அதே ஸ்கைரிமில் இதற்கு நேர் எதிரானதும் உண்டு. சத்திரக்காரர் ஒரு கடிதம் தருவார்: இன்ன குகையில் கொள்ளையர் தலைவன் இருக்கிறான், கொன்றால் காசு. போய்க் கொன்றுவிட்டு வந்தால் இன்னொரு கடிதம், இன்னொரு குகை. ரேடியன்ட் என்ற அமைப்பு இவற்றைத் தானாக உற்பத்தி செய்கிறது. இவற்றுக்கு முடிவே இல்லை. எழுத்தாளர் யாரும் உட்கார்ந்து எழுதாத வேலை இது. ஃபால்அவுட் 4இல் பிரெஸ்டன் கார்வி என்ற பாத்திரம், இன்னொரு குடியிருப்புக்கு உதவி தேவை என்று ஓயாமல் சொல்வதும் இதே கதைதான். நல்ல மனிதர், ஆனால் அவரைக் கண்டாலே ஆடுபவர்கள் ஒதுங்கிப் போகும் நிலைக்கு அவரைக் கொண்டுவந்துவிட்டார்கள்.

ஆகவே ஒரு வேலையை ஏற்கும் முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். கேட்பவருக்குப் பெயர் இருக்கிறதா? அவருக்கு அது ஏன் வேண்டும் என்று ஒரு வாக்கியத்தில் உங்களால் சொல்ல முடிகிறதா? முடிந்தால் செய்யுங்கள். "பத்து ஓநாய்த் தோல் கொண்டு வா" என்பதற்கு மேல் எதுவும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். பட்டியலில் முடிக்காத வேலை கிடப்பதால் ஒரு குறையும் வராது.

அப்புறம், நல்ல வேலைகளில் பலன் உடனே தெரியாது என்பதையும் மனதில் வையுங்கள். விட்சர் 3இல் இரண்டாவது வட்டாரமான வேலெனில் ஒரு பிரபு வருவான், பிளடி பேரன் என்பார்கள். அவனுடைய மனைவியையும் மகளையும் காணோம். தேடித் தந்தால் சிரியைப் பற்றித் தனக்குத் தெரிந்ததைச் சொல்வதாகப் பேச்சு. முதலில் பாவப்பட்ட மனிதனாகத் தெரிவான். வீட்டுக்குள் தேடத் தேட, குடித்துவிட்டு அந்த வீட்டில் அவன் என்னவெல்லாம் செய்திருக்கிறான் என்பது ஒவ்வொன்றாக வெளிவரும். மதுவால் குலைந்த குடும்பங்களைப் பக்கத்திலேயே பார்த்து வளர்ந்த நம்மில் பலருக்கு இந்தக் கதைக்கு விளக்கம் தேவைப்படாது. நெஞ்சில் நேராக இறங்கும். அவனை மன்னிப்பதா வேண்டாமா என்று கேம் உங்களுக்குச் சொல்லித்தராது. வழியில், சம்பந்தமே இல்லாதது போல் தெரியும் ஓரிடத்தில் நீங்கள் எடுக்கும் முடிவு, சில மணி நேர ஆட்டத்துக்குப் பிறகு அந்தக் குடும்பத்தின் கதியை மாற்றும். முடிவை இங்கே சொல்லமாட்டேன். ஒன்று மட்டும்: பிடிக்காத முடிவு வந்துவிட்டதே என்று பழைய சேவுக்குத் திரும்பாதீர்கள். அந்தக் கனத்தோடு தொடர்ந்து ஆடுங்கள். இணையத்தில் "சிறந்த முடிவு எது" என்று தேடி ஆடுபவர்கள் இந்தக் கதையின் பாதியை இழக்கிறார்கள்.

6. வரைபடத்தை அடக்கி வையுங்கள்

வரைபடம் முழுக்கக் குறிகள் நிரம்பி வழிவதைப் பார்த்ததும் எல்லாவற்றையும் துடைத்துவிட வேண்டும் என்ற அரிப்பு வரும். அதற்கு இடம் கொடுத்தால் கேம் வேலைத்தளமாகிவிடும். விட்சர் 3இன் மூன்றாவது பெரிய வட்டாரம் ஸ்கெலிகே தீவுகள். அதன் கடல் முழுக்கக் கேள்விக்குறிகள். படகில் போய்ப் பார்த்தால் பெரும்பாலானவை கடத்தல்காரர்கள் விட்டுப்போன பெட்டிகள்தான்; மேலே பறக்கும் பிசாசுகளை விரட்டிவிட்டு எடுக்க வேண்டும். அடுத்ததும் அதேதான். அவ்வளவு நல்ல கேமில் இவ்வளவு மோசமான பகுதி எப்படி வந்தது என்று இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்தக் கேள்விக்குறிகளை வரைபடத்தில் மறைத்து வைக்கலாம். தயங்காமல் மறையுங்கள்.

டிராகன் ஏஜ் இன்குவிசிஷன் 2014இல் வந்தபோது ஏராளமானோர் முதல் வட்டாரமான ஹின்டர்லேண்ட்ஸிலேயே மாட்டிக்கொண்டார்கள். எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் நகர வேண்டும் என்று நினைத்தார்கள். செம்மறியாட்டு இறைச்சி, மூலிகை, போர்வை என்று சேகரித்துச் சேகரித்துக் களைத்தார்கள். அதைத் தாண்டினால்தான் கதை விரிகிறது. முதல் வட்டாரத்தில் பெரிய கதை உங்களை வெளியே கூப்பிட்டால் கிளம்பிவிடுங்கள். பிறகு திரும்பி வரலாம்.

போக வேண்டிய இடத்தைக் காட்டும் அம்புக்குறி எல்லாக் காலத்திலும் இருந்ததில்லை. ஸ்கைரிம் வரிசையில் 2002இல் வந்த மொரோவின்டில் குறியே கிடையாது. ஆட்கள் வாயால் வழி சொல்வார்கள்: வடக்கே பாலத்தைத் தாண்டு, ஆற்றோரமாகப் போ, இரண்டு பாறைகளுக்கு இடையில் திரும்பு. அது உங்கள் குறிப்பேட்டில் எழுதப்படும். மீதி உங்கள் பாடு. நம் தோட்டங்களில் மேல் டிவிஷனுக்கு வழி கேட்டால் கிடைக்கும் பதில் போலத்தான்: பெக்டரிக்குப் பின்னால் ஏறி, முனியாண்டி கோயிலைத் தாண்டி, ஓடையைக் கடந்தால் இடது கைப்பக்கம் சவுக்கு மரங்கள், அங்கிருந்து லயம் தெரியும். இப்படி வழி கேட்டுப் போகும்போது சுற்றிலும் கண் போகும். 2006இல் அடுத்து வந்த ஒப்ளிவியனில் திசைகாட்டிக் குறி வந்தது. அதன் பிறகு ஆடுபவரின் கண் நிலத்தை விட்டுக் குறிக்குப் போய்விட்டது.

இன்றைய கேம்களிலும் இதைக் கொஞ்சம் மீட்கலாம். சிறு வரைபடத்தை அமைப்புகளில் அணைத்துவிட்டு ஒரு மாலை ஆடிப் பாருங்கள். வழி தவறினால் மட்டும் பெரிய வரைபடத்தைத் திறங்கள். கோஸ்ட் ஆஃப் சுஷிமாவில் இதற்கு மிக அழகான வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். திரையில் அம்புக்குறி இல்லை; போக வேண்டிய திசையில் காற்று வீசும். புல்லும் இலையும் சாயும் பக்கம் குதிரையை விட்டால் போதும்.

7. நடக்கும்போது நடங்கள்

ஃபாஸ்ட் டிராவல் என்பது ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு நொடியில் தாவும் வசதி. தேவைதான், நேரம் குறைவாக உள்ளவர்களுக்கு வரப்பிரசாதம். ஆனால் ஒரு பாதையில் முதல் முறை போகும்போது குதிரையிலோ நடந்தோ போங்கள். வழியில்தான் எதிர்பாராதவை நடக்கும். ஏற்கனவே போன பாதை என்றால் தாவிவிடுங்கள், அதில் தவறில்லை.

8. லெவலைப் பார்த்து அஞ்ச வேண்டாம்

லெவல் என்பது பாத்திரத்தின் பலத்தைக் காட்டும் எண். ஸ்கைரிமில் பெரும்பாலான எதிரிகளின் பலம் உங்கள் லெவலுக்கு ஏற்பக் கூடிக் குறையும். அதனால் எங்கு வேண்டுமானாலும் திரியலாம். விட்சர் 3இல் ஒவ்வொரு வேலைக்கும் பரிந்துரைக்கும் லெவல் பக்கத்தில் இருக்கும். எதிரியின் தலைக்கு மேல் மண்டையோடு தெரிந்தால் அன்றைக்குத் திரும்பி வந்துவிடுவதே நல்லது. பெயருள்ளவர்கள் தரும் வேலைகளைச் செய்துகொண்டே போனால் லெவல் தானாக ஏறும், தனியாக அதற்கென்று உழைக்க வேண்டியதில்லை.

எல்லா கேமும் இப்படி நியாயமாக இருப்பதில்லை. 2018இல் யூபிசாஃப்ட் வெளியிட்ட அசாசின்ஸ் கிரீட் ஒடிஸியில் பெரிய கதை சுவையாகப் போய்க்கொண்டிருக்கும்போதே அடுத்த கட்டத்துக்கு உங்கள் லெவல் போதாமல் போய்விடும். அதை ஏற்ற, கதையை விட்டுவிட்டுச் சில்லறை வேலைகளில் இறங்க வேண்டும். அதே கேமின் கடையில், அனுபவப் புள்ளிகள் வேகமாகச் சேர ஒரு வசதியைத் தனிக் காசுக்கு விற்றார்கள். ஆடுபவரின் நேரத்தை இழுத்தடித்துவிட்டு, அதைக் குறைக்கக் காசு கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பண்டைய கிரேக்கத்தை அவ்வளவு அழகாகக் கட்டிய கேமில் இது நடந்ததுதான் வேதனை. இப்படி ஒரு சுவரில் மோதினால் கடின அளவைக் குறைத்துவிட்டுக் கதையை நோக்கிப் போங்கள். காசு கொடுக்காதீர்கள்.

9. சலிப்பு தட்டினால்

வசனத்தைப் படிக்காமல் பட்டனை அழுத்திக்கொண்டே போகிறீர்களா? பக்கத்தில் போனில் வீடியோ ஓட விட்டபடி ஆடுகிறீர்களா? ஒரு வேலையை முடித்த கையோடு அதை யார் கேட்டார்கள் என்று ஞாபகம் வரவில்லையா? சலிப்பு வந்துவிட்டது என்று அர்த்தம்.

முதலில் பக்க வேலைகளை எல்லாம் நிறுத்திவிட்டுப் பெரிய கதையின் அடுத்த இரண்டு மூன்று கட்டங்களை மட்டும் ஆடுங்கள். அநேகமாகச் சரியாகிவிடும். பெரிய கதையே இழுக்கவில்லை என்றால் ஆட்டத்தை ஒரு வாரம் நிறுத்துங்கள். அப்போதும் திரும்பத் தோன்றவில்லையா, சரி, விட்டுவிடுங்கள். காசு கொடுத்துவிட்டோமே, டேட்டா போய்விட்டதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஆட வேண்டாம். போன டேட்டா போனதுதான், வரும் மாலைகளையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். பல நல்ல கேம்களை நான் பாதியில் விட்டிருக்கிறேன். அவற்றில் பார்த்த வரைக்கும் மனதில் நிற்கிறது.

10. பரீட்சைக்கு விட்டுப் பிறகு திரும்பும்போது

சாதாரண தரம், உயர்தரம் எழுதுபவர்கள் மாதக்கணக்கில் கேமைத் தொட முடியாது. திரும்பி வந்து பழைய சேவைத் திறந்தால் எந்தப் பட்டன் எதற்கு என்றே தெரியாது, கதையும் மறந்திருக்கும். பலர் இங்கேதான் முதலிலிருந்து தொடங்கி, ஏற்கனவே பார்த்ததையே திரும்பப் பார்த்து அலுத்து, மூடிவிடுகிறார்கள்.

நிறுத்தும் நாளில் ஒரு காரியம் செய்யுங்கள். ஊருக்குள், பாதுகாப்பான இடத்தில் நின்று சேவ் செய்யுங்கள். சண்டை நடுவிலோ குகைக்குள்ளோ வேண்டாம். ஒரு தாளில் மூன்று வரி எழுதி வையுங்கள்: இப்போது யாரைத் தேடிக்கொண்டிருக்கிறேன், யாருக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறேன், அடுத்து எங்கே போக நினைத்தேன். தாய்மொழியிலேயே எழுதுங்கள், கேமின் ஆங்கிலக் குறிப்பைவிட அது வேகமாக நினைவைக் கிளறும்.

திரும்பி வந்ததும் பெரிய கதையைத் தொடாதீர்கள். முதலில் சாதாரண எதிரிகள் உள்ள பாதையில் கொஞ்ச நேரம் சண்டை போட்டுக் கையைப் பழக்குங்கள். அடுத்து ஒரே ஒரு சின்ன வேலையை எடுங்கள், ஒரு ஆள் நேரில் வந்து கேட்கும் வேலையாக இருக்கட்டும். அதை முடிப்பதற்குள் ஊர்களின் பெயரும், யார் யாருக்கு எதிரி என்பதும் திரும்ப வந்துவிடும். பிறகு அந்தத் தாளைப் பார்த்து, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடருங்கள்.